பந்து வராத பக்கம்: கல்லூரி கார்னர்பேக்கை எடை போடுவது எப்படி

2021 சீசனுக்கான ஜிம் தார்ப் விருது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கோபி பிரையன்டுக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பின்களத் தடுப்பாட்டக்காரர்களில் அந்த ஆண்டின் சிறந்தவருக்குக் கொடுக்கும் விருது அது. சில மாதம் கழித்து, 2022 ஏப்ரலில், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தது. நாட்டிலேயே சிறந்தவர் என்று விருது வாங்கிய பிரையன்ட் நான்காவது சுற்று வரை காத்திருந்தார். சியாட்டில் அணி அவரை 109-ஆவது ஆளாக எடுத்தது. அதே சின்சினாட்டி அணியில் மைதானத்தின் மறு ஓரத்தில் நின்ற அகமது கார்ட்னரை நியூயார்க் ஜெட்ஸ் 4-ஆவது ஆளாகவே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

விருதுக் குழுவும் தப்பு செய்யவில்லை, என்எஃப்எல் அணிகளும் தப்பு செய்யவில்லை. கார்ட்னர் பக்கம் பந்தை வீச எதிரணிகள் தயங்கின. வீசித்தானே ஆக வேண்டும்? பிரையன்ட் பக்கம் வீசின. பந்து நிறைய வந்ததால் பிரையன்டுக்குத் திறமையைக் காட்ட வாய்ப்பும் நிறைய வந்தது, அவரும் அதை வீணாக்கவில்லை. கார்ட்னர் பக்கம் ஆட்டமே நடக்கவில்லை. எதுவும் நடக்காத அந்தப் பக்கத்துக்குத்தான் ஜெட்ஸ் பெரிய விலை கொடுத்தது.

இவர்கள் இருவரும் ஆடிய கார்னர்பேக் என்ற இடத்தை மதிப்பிடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. பந்தை வீசும் ஆளான குவார்ட்டர்பேக்குக்கு அவர் வீசிய பந்துகள் இருக்கின்றன, ரிசீவருக்குப் பிடித்த பந்துகள் இருக்கின்றன. கார்னர்பேக் நன்றாக ஆடினால் அவர் பெயருக்கு நேரே எதுவும் எழுதப்படாது. கிரிக்கெட்டில் டாட் பாலையாவது எண்ணிக் கணக்கில் சேர்க்கிறோம். இங்கே வீசாத பந்தை எங்கே போய் எண்ணுவது?

முதலில், புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கபடி பார்க்கிறவர்களுக்கு கார்னர் என்றதும் காலைப் பிடிக்கும் ஆள் நினைவுக்கு வரலாம். பெயர் ஒன்றுதான், வேலை வேறு. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓரத்திலிருந்து ஓடும் ஆள் ரிசீவர். அவரை ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது கார்னர்பேக்கின் வேலை. எங்கே ஓடப்போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும், கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவர் முன்னால் பார்த்து ஓடுவார், இவர் பாதி தூரம் பின்னால் பின்னால் போக வேண்டும். இந்த விளையாட்டில் இதைவிட அநியாயமான வேலை இன்னொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

டிவியில் பார்த்து ஒரு கார்னர்பேக்கைப் பற்றி முடிவு செய்ய முடியாது. கேமரா பந்தின் பின்னால் போகும். ஆட்டம் தொடங்கிய ஒரு விநாடியில் ரிசீவரும் கார்னர்பேக்கும் திரையை விட்டு வெளியே போய்விடுவார்கள். பந்து அவர்களிடம் வந்தால்தான் மறுபடி தெரிவார்கள். அதாவது டிவி ரசிகர் பார்ப்பது கார்னர்பேக் தோற்ற நேரங்களையும், எப்போதாவது பந்தைப் பறித்த நேரங்களையும் மட்டும். அணிகளுக்காக வீரர்களை எடை போடும் ஸ்கவுட்கள் பார்ப்பது உயரத்திலிருந்து 22 ஆட்டக்காரர்களும் தெரியும்படி எடுத்த படம். ஆல்-22 என்பார்கள். அதில் பந்தைப் பார்க்கக் கூடாது. ஒரே ஆளை, அறுபது எழுபது தடவை, அவர் பக்கம் எதுவும் நடக்காதபோதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

என்ன பார்ப்பது? ஒரே ஒரு ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். பிரெஸ் என்ற நிலை. ரிசீவரின் முகத்துக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கார்னர்பேக் நிற்கிறார். முழங்கால் மடிந்திருக்கிறது, எடை பாதத்தின் முன்பகுதியில். பந்து கிளம்புகிறது. ரிசீவர் இடது தோளை ஆட்டுகிறார், காலைத் தட்டுகிறார், வலப்பக்கம் போவதுபோல் காட்டுகிறார். பொறுமையில்லாத கார்னர்பேக் இந்த இடத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்வார். பாய்ந்தவரின் எடை முன்னால் போய்விட்டது, ரிசீவர் பக்கவாட்டில் நழுவிப் போய்விட்டார், கதை முடிந்தது. நல்ல கார்னர்பேக்கின் கால்கள் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நகரும், கை உடனே வராது. ரிசீவர் உண்மையிலேயே ஒரு பக்கம் எடையைச் சாய்க்கும் வரை காத்திருப்பார். அப்புறம் ஒரு கை மட்டும், மார்பில், ஒரே ஒரு தட்டு. ரிசீவரின் தாளம் அரை விநாடி தப்பும். குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பதே இரண்டரை, மூன்று விநாடிதான். அதில் அரை விநாடி போனால் மிச்சம் என்ன?

அடுத்தது இடுப்பு. ரிசீவர் நேராக ஓட ஆரம்பித்ததும் பின்னால் நகரும் உடம்பைத் திருப்பி அவரோடு இணையாக ஓட வேண்டும். இந்தத் திருப்பத்தில் ஓர் அடி கூடுதலாக எடுத்து வைத்தாலே ஒரு யார்டு போய்விடும். மடக்கென்று திரும்புகிறவர்களை எண்ணெய் போட்ட இடுப்பு என்று ஸ்கவுட்கள் சொல்வார்கள். துருப்பிடித்த கதவுக் கீல்போல முறுகித் திரும்புகிறவர்கள் எவ்வளவு வேகக்காரர்களாக இருந்தாலும் ஓரத்தில் நிற்க முடியாது. அவர்களைக் கடைசித் தடுப்பான சேஃப்டி இடத்துக்கு மாற்றலாமா என்ற பேச்சு அங்கே ஆரம்பிக்கும்.

மூன்றாவது தலை. பந்து காற்றில் வரும்போது கார்னர்பேக்கின் முதுகு குவார்ட்டர்பேக்கைப் பார்த்து இருக்கும். பந்து வருகிறது என்பதை அவர் ரிசீவரின் கண்ணிலிருந்தும் கையிலிருந்தும்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண் அகலமாகிறது, கை உயர்கிறது. அந்தக் கணத்தில் தலையைத் திருப்பிப் பந்தைத் தேடுகிறாரா, இல்லை பதறிப்போய் ரிசீவரின் கையை இழுக்கிறாரா? பதறுகிற பழக்கம் ஒருவருக்கு இருந்தால் அது மூன்று ஆண்டுப் படத்திலும் தெரியும். என்னைக் கேட்டால், ஓட்ட வேகத்தை அளக்கும் நேரத்தை இதற்குச் செலவிடுவேன்.

சரி, இதெல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரியில் நன்றாக ஆடியவர் என்எஃப்எல்லிலும் ஆடுவாரா? பலர் சறுக்குவது இங்கேதான். காரணம், இரண்டும் ஒரே விளையாட்டு மாதிரி தெரிந்தாலும் கார்னர்பேக்கைப் பொறுத்தவரை விதிகள் கணிசமாக வேறு.

முதல் வித்தியாசம் கை வைப்பதில். என்எஃப்எல்லில் தொடக்கக் கோட்டிலிருந்து 5 யார்டு வரைதான் ரிசீவரைத் தள்ளித் தடுக்கலாம். அதற்கு மேல் தொட்டால் நடுவரின் தண்டனைக் கொடி விழும், எதிரணிக்குப் புதிய வாய்ப்புத் தொடர் கிடைக்கும். கல்லூரியில் பந்து காற்றில் கிளம்பும் வரை, எதிரே வரும் ரிசீவரைத் தள்ளித் தடுக்கப் பெரும்பாலும் இடம் உண்டு. 8 யார்டிலும் 10 யார்டிலும் ரிசீவர் மேல் கையைப் போட்டே பிழைத்த கல்லூரி கார்னர்பேக்குகள் உண்டு. படத்தில் பார்க்க அருமையாக இருக்கும், ரிசீவர் நகரவே முடியாது. ஆனால் அந்தக் காட்சியில் பாதி என்எஃப்எல்லில் தண்டனை. அதனால் படம் பார்க்கிறவர் மனத்துக்குள் 5 யார்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதற்கு மேல் கை இல்லாமல் இவர் எப்படி ஓடுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தண்டனையின் விலை. பந்து வரும்போது ரிசீவரை இடித்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் தப்பு எங்கே நடந்ததோ அங்கேயே பந்தை வைப்பார்கள். 45 யார்டு தள்ளி நடந்தால் 45 யார்டும் போச்சு. கல்லூரியில் தோற்கப்போவது தெரிந்ததும் ரிசீவரை இழுத்துப்போட்டு 15 யார்டோடு தப்பிப்பது கெட்டிக்காரத்தனம். மேலே போனால் அதே கெட்டிக்காரத்தனம் ஆட்டத்தையே தோற்கடிக்கும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. ஆனால் ஆட்டம் எங்கிருந்து தொடங்கலாம் என்பதைக் காட்டும் ஹேஷ் கோடுகள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. கல்லூரியில் அவற்றுக்கு நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். விளைவு என்ன? கல்லூரியில் பந்து ஒரு ஹேஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் இருக்கும். என்எஃப்எல்லில் இது சுமார் 71 அடி, 89 அடி. குறுகிய பக்கம் நிற்கும் கல்லூரி கார்னர்பேக்குக்கு ஓரக்கோடே கூட நின்று தடுக்கும் இன்னொரு ஆள் மாதிரி. அகலப் பக்கம் நிற்பவருக்கு இடம் அதிகம், ஆனால் பந்து குறுக்கே நெடுந்தூரம் பறந்து வர வேண்டும். சராசரிக் கல்லூரி குவார்ட்டர்பேக்கின் கைக்கு அந்த வலு கிடையாது. பந்து மிதந்து மிதந்து வருவதற்குள் பிந்திய கார்னர்பேக் கூட எட்டிப் பிடித்துவிடுவார். என்எஃப்எல்லில் அந்தச் சலுகை இல்லை. ஒருவர் எந்தப் பக்கம் நின்று அந்த எண்களைச் சேர்த்தார் என்று கேட்காமல் எண்களை மட்டும் பார்ப்பது, எந்த ஊர் பிட்ச் என்று கேட்காமல் ஒரு சுழல்பந்து வீச்சாளரின் சராசரியைப் பார்ப்பது மாதிரி.

இன்னொன்று, எதிரே நின்றவர் யார் என்பது. ஒரு கல்லூரி சீசனில் ஒரு கார்னர்பேக் எதிர்கொள்ளும் ரிசீவர்களில் பிற்பாடு என்எஃப்எல்லில் நிலைக்கப்போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சில ஆட்டங்கள்தான் உண்மையான தேர்வு. மற்றவை பயிற்சிப் புத்தகம்.

ஸ்டாப்வாட்ச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். ஒவ்வொரு ஆண்டும் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை நடக்கும். அதில் 40 யார்டு ஓட்டத்துக்குத்தான் கூட்டம் கூடும். 2022-இல் பெய்லர் பல்கலைக்கழகத்தின் கேலன் பார்ன்ஸ் 4.23 விநாடியில் ஓடினார். கார்னர்பேக்குகளில் அவ்வளவு வேகமாக ஓடியவர்கள் அபூர்வம். அவரைக் கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில்தான் எடுத்தார்கள். அதற்கு 12 ஆண்டு முன்னால் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜோ ஹேடன் அதே கம்பைனில் 4.57 ஓடினார், கார்னர்பேக்குக்கு மந்தமான நேரம். கிளீவ்லேண்ட் அவரை 7-ஆவது ஆளாக எடுத்தது, நல்ல ஆட்டக்காரராக வெகுகாலம் நிலைத்தார். வேகம் வேண்டும்தான். ஆனால் நேர்கோட்டில், தனியாக, யாரையும் துரத்தாமல் ஓடும் வேகம் வேறு.

இப்போது 2022-க்குத் திரும்புவோம். அந்த ஆண்டு ஹியூஸ்டன் 3-ஆவது இடத்தில் இருந்தது, ஜெட்ஸ் 4-ஆவது இடத்தில். இரண்டு அணிகளும் கார்னர்பேக்கையே எடுத்தன. ஹியூஸ்டன் கார்ட்னரை விட்டுவிட்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெரிக் ஸ்டிங்லி ஜூனியரை எடுத்தது. எல்எஸ்யூ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்கவுட் வேலை எவ்வளவு ஊகம் கலந்தது என்பது புரியும்.

ஸ்டிங்லி 2019-இல் கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆண்டிலேயே 6 பந்துகளைப் பறித்தார், தேசிய அளவிலான சிறந்த அணியில் இடம் பிடித்தார். ஜோ பர்ரோ குவார்ட்டர்பேக்காக இருந்த அந்த எல்எஸ்யூ அணி தோல்வியே காணாமல் தேசிய சாம்பியன் ஆனது. பயிற்சியில் தினமும் அவருக்கு எதிரே ஓடியவர்கள் ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன். இன்று என்எஃப்எல்லின் தலைசிறந்த ரிசீவர்கள் பட்டியலில் இந்த இரண்டு பெயரும் இல்லாமல் இருக்காது. 18 வயதுப் பையன் அவர்களோடு சரிக்குச் சரி ஓடிக்கொண்டிருந்தான். அந்த ஆண்டே டிராஃப்டுக்கு வரலாம் என்றால் முதல் ஐந்துக்குள் போயிருப்பான் என்று பேசினார்கள். ஆனால் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் டிராஃப்டுக்கு வரக் கூடாது என்பது விதி.

அப்புறம் வந்த இரண்டு ஆண்டுகள்தான் பிரச்சினை. 2020-இல் ஒரு பந்துகூடப் பறிக்கவில்லை. அணியே சரிந்துபோயிருந்தது. 2021-இல் மூன்றே ஆட்டம், பிறகு இடது பாதத்தில் காயம், அறுவை சிகிச்சை. பாதத்தின் நடுவெலும்புகளைச் சேர்க்கும் லிஸ்ஃபிராங்க் பகுதியில் அடி. நொடிக்கு நொடி திசை மாற்ற வேண்டிய ஒருவருக்குக் கேட்கவே பிடிக்காத பெயர் அது. கம்பைனில் அவர் ஓடவில்லை. ஏப்ரலில் கல்லூரி வளாகத்தில் நடந்த சோதனையில்தான் ஓடிக் காட்டினார், கால் சரியாகிவிட்டது என்று அணிகள் நம்பும் அளவுக்கு ஓடினார். ஆக ஹியூஸ்டன் முன்னால் இருந்தது இதுதான்: மூன்று ஆண்டுக்கு முந்தைய அபாரமான ஒரு சீசன், அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

கார்ட்னர் முற்றிலும் வேறு ரகம். டெட்ராய்ட் நகரத்துப் பையன். பெரிய கல்லூரிகள் அவரை அவ்வளவாகச் சீண்டவில்லை, சின்சினாட்டி கூப்பிட்டது. சாஸ் என்பது சிறு வயதில் பயிற்சியாளர் வைத்த பட்டப்பெயர், இன்று அகமது என்று யாரும் கூப்பிடுவதில்லை. உயரம் ஏறக்குறைய 6 அடி 3 அங்குலம், கை நீளம் 33 அங்குலத்துக்கு மேல். மூன்று ஆண்டுக் கல்லூரி ஆட்டத்தில் அவர் காவலில் இருந்த எந்த ரிசீவரும் ஒரு டச்டவுன்கூட, அதாவது எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தோடு போய் எடுக்கும் புள்ளி, அடிக்கவில்லை. பூஜ்யம். இந்த ஒரு எண்ணை வைத்தே அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது.

ஆனால் ஸ்கவுட்களுக்கு ஒரு நெருடல் இருந்தது. சின்சினாட்டி அப்போது ஆடியது இரண்டாம் தட்டு என்று கருதப்பட்ட கூட்டமைப்பில். எதிரே நின்ற ரிசீவர்கள் யார்? அதற்குப் பதில் கிடைக்க வேண்டிய இடம் 2021 டிசம்பர் 31-ஆம் தேதி அலபாமாவோடு நடந்த தேசிய சாம்பியன்ஷிப் அரையிறுதி. பெரிய கூட்டமைப்புகளுக்கு வெளியிலிருந்து அந்தக் கட்டத்துக்கு வந்த முதல் அணி சின்சினாட்டி. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அலபாமா என்ன செய்தது? பந்தை வீசுவதைவிட ஓட்டத்தையே நம்பியது. பிரையன் ராபின்சன் மட்டும் 204 யார்டு ஓடினார், 27-6 என்று அலபாமா ஜெயித்தது. கார்ட்னரைச் சோதிக்க வேண்டிய ஆட்டத்திலும் அவர் பக்கம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் பக்கம் வீச அவர்கள் பயந்தார்களா, தேவையே இல்லை என்று விட்டார்களா என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் ஆண்டு முடிவில் ஹியூஸ்டனைக் கிழித்து எடுத்தார்கள். கார்ட்னர் ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருதை வாங்கினார், முதல் ஆண்டிலேயே, சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் தர அணியிலும் இடம் பிடித்தார். புதுமுக கார்னர்பேக் ஒருவர் அங்கே இடம் பிடித்தது 1981-இல் ரானி லாட்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஸ்டிங்லி தொடைத் தசைக் காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடினார், பறித்தது 1 பந்து. அது மட்டுமல்ல, அப்போதைய ஹியூஸ்டன் பயிற்சியாளர் லவி ஸ்மித் வட்டாரக் காவலுக்குப் பேர் போனவர். ஆளைத் துரத்தாமல், பிரித்துக் கொடுத்த இடத்தைக் காப்பது அது. ரிசீவரோடு ஒட்டி ஓடுவதற்கென்றே பிறந்த ஒருவருக்கு அது உகந்த வீடு இல்லை என்பது என் எண்ணம்.

2023-இல் பயிற்சியாளர் மாறினார், டிமெகோ ரயன்ஸ் வந்தார். ஸ்டிங்லி 11 ஆட்டத்தில் 5 பந்து பறித்தார். 2024-இல் இன்னொரு 5, கூடவே முதல் தர ஆல்-ப்ரோ. 2025 மார்ச்சில் 3 ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம், கார்னர்பேக் ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத ஆண்டுச் சம்பளம். நாலு மாதத்தில் ஜெட்ஸ் அதை முந்தி, கார்ட்னருக்கு 4 ஆண்டுக்கு 12 கோடியே 4 லட்சம் டாலர் கொடுத்தது. 2022 இறுதியில் ஹியூஸ்டனைத் திட்டியவர்கள், நான் உட்பட, எழுதியதைத் திருப்பிப் படிக்காமல் இருப்பது நல்லது.

இந்த ஜோடியைப் பார்த்துவிட்டு 2023 டிராஃப்டைப் பார்த்தால் எண்கள் எப்படி ஏமாற்றும் என்பது இன்னும் தெளிவாகும். மிசிசிப்பி ஸ்டேட்டின் இம்மானுவேல் ஃபோர்ப்ஸ் கல்லூரியில் 14 பந்துகளைப் பறித்தவர். அவற்றில் 6-ஐ அப்படியே திருப்பி ஓடி டச்டவுனாக்கினார், அது கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் புதிய சாதனை. ஸ்டிங்லிக்கும் கார்ட்னருக்கும் இல்லாத பளபளப்பு. 40 யார்டு ஓட்டத்திலும் 4.35. ஒரே ஒரு குறை: கம்பைன் எடைமேடையில் 166 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ. 6 அடிக்கு மேல் உயரம் உள்ள ஒருவருக்கு. வாஷிங்டன் அவரை 16-ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த இடத்தில், 17-ஆவதாக, நியூ இங்கிலாந்து ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கொன்சாலஸை எடுத்தது.

2023 அக்டோபர் 1, பிலடெல்ஃபியாவில் ஆட்டம். எதிரே ஏ.ஜே. பிரவுன், 100 கிலோவைத் தாண்டிய ரிசீவர். அன்று அவர் 175 யார்டும் 2 டச்டவுனும் எடுத்தார், அதில் கணிசமான பங்கு ஃபோர்ப்ஸ் தலையில் விழுந்தது. நாலு நாள் கழித்துச் சிகாகோவோடு ஆட்டம். டி.ஜே. மூர் 230 யார்டு, 3 டச்டவுன். ஃபோர்ப்ஸைப் பாதியில் வெளியே உட்கார வைத்தார்கள். 2024 நவம்பர் கடைசியில், டிராஃப்ட் நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாமல், வாஷிங்டன் அவரை விடுவித்தது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் எடுத்துக்கொண்டது. அந்த 2024 சீசனில் கொன்சாலஸ் இரண்டாம் தர ஆல்-ப்ரோ.

எடைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகப் படுகிறது. அதே டிராஃப்டில் 5-ஆவதாகப் போன இல்லினாயின் டெவான் விதர்ஸ்பூன் ஒன்றும் மல்யுத்த வீரர் இல்லை. 181 பவுண்டு, கார்னர்பேக்குக்கே ஒல்லி. ஆனால் அவர் இடித்தால் எதிராளி எழுந்திருக்க நேரமாகும். படத்தில் அது ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரிந்தது. ஃபோர்ப்ஸின் 14 பறிப்புகளில்தான் குறிப்பும் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு பந்தைப் பறிக்க வேண்டுமானால் கண் ரிசீவரை விட்டுக் குவார்ட்டர்பேக்குக்குப் போக வேண்டும், ஊகித்துப் பாய வேண்டும். கல்லூரியில் அந்தச் சூதாட்டம் லாபம் தரும், ஏனென்றால் தப்பாக ஊகித்தாலும் தண்டிக்கும் கை எதிரே பெரும்பாலும் இல்லை. என்எஃப்எல் குவார்ட்டர்பேக் அந்தப் பழக்கத்தை ஒரு வாரப் படத்தில் கண்டுபிடித்துவிடுவார். ரிசீவர் நிற்பதுபோல் காட்டுவார், கார்னர்பேக் பாய்வார், ரிசீவர் மறுபடி கிளம்பிவிடுவார். பறித்த பந்துகளைப் பார்த்துக் கைதட்டுவதோடு நிற்காமல், பாய்ந்து தப்பவிட்டவை எத்தனை என்றும் எண்ணியிருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கம்பைனில் ரசிகர்கள் பார்க்காத பகுதி மருத்துவப் பரிசோதனை, அணிகளுக்கு அதுதான் முக்கியம். மிச்சிகனின் வில் ஜான்சன் 2025-இல் முதல் சுற்றில் போவார் என்றுதான் பேச்சு. முழங்கால் பற்றிய கவலையில் 47-ஆவதாக அரிசோனாவுக்குப் போனார். மாறாக, 2020-இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜெஃப் ஒகூடாவிடம் யாராலும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை, டெட்ராய்ட் 3-ஆவதாக எடுத்தது. இரண்டாவது சீசனின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. 2023-இல் வெறும் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அவரை அட்லாண்டாவிடம் கொடுத்துவிட்டார்கள். இதை எந்த ஸ்கவுட்டாலும் படத்தில் பார்த்திருக்க முடியாது.

ஆனால் போய்ச் சேரும் அணியைக் கணிக்க முடியும். ரிச்சர்ட் ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்து, காயத்துக்குப் பிறகு கார்னர்பேக்காக மாறியவர். இரண்டே ஆண்டு அனுபவம், ஓட்டம் 4.5 விநாடிக்கு மேல், இடுப்பும் அப்படியொன்றும் எண்ணெய் போட்டது இல்லை. 2011-இல் ஐந்தாவது சுற்றில், 154-ஆவது ஆளாக, சியாட்டில் எடுத்தது. அப்போதைய பயிற்சியாளர் பீட் கேரலுக்கு வேண்டியதெல்லாம் உயரமும் நீளக் கையும். தொடக்கத்தில் முட்டி நிறுத்து, அப்புறம் உன் மூன்றில் ஒரு பங்கு மைதானத்தைக் காப்பாற்று, உள்ளே யார் ஓடினாலும் கவலைப்படாதே என்பதுதான் அவர் கேட்டது. ஷெர்மன் 2012-இல் 8, 2013-இல் 8 பந்து பறித்தார். ஆளை மைதானம் முழுக்கத் துரத்தச் சொல்லும் அணிக்குப் போயிருந்தால் இந்தப் பெயரை நாம் கேள்விப்பட்டிருப்போமா? 153 தடவை அவரைத் தாண்டிப் போன அணிகளில் பல, தங்கள் ஆட்டத்துக்கு அவர் ஒத்துவரமாட்டார் என்று சரியாகவே கணித்திருக்கலாம்.

கோபி பிரையன்ட் சியாட்டிலில் கார்னர்பேக்காக நிலைக்கவில்லை. சேஃப்டியாக மாற்றினார்கள், அங்கே நன்றாக ஆடித் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சாஸ் கார்ட்னர் 2023-இல் ஒரு பந்துகூடப் பறிக்காமல் இரண்டாவது முறையாக முதல் தர ஆல்-ப்ரோ ஆனார். பெரிய ஒப்பந்தம் போட்ட சில மாதத்தில், 2025 நவம்பர் 4-ஆம் தேதி, ஜெட்ஸ் அவரை இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு மாற்றியது. கோல்ட்ஸ் கொடுத்த விலை 2026, 2027 டிராஃப்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டும், கூடவே அடோனாய் மிட்செல் என்ற ரிசீவரும். அந்த சீசனில் அதுவரை கார்ட்னர் பறித்த பந்துகள்: பூஜ்யம்.